மருத்துவமனையில் பட்டைக்குறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் கூறும் அவையில் இலக்கியம் பேசுதல் மரபு. நமக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் அதனைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டமையால், நமக்கு அளிக்கப்பட்ட சிறு பொழுதை வேறொரு பொருளுக்கு ஒதுக்க விழைகின்றோம். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளியின் மணிக்கட்டில் கட்டப்படும் பட்டையும், அதன்மேல் அச்சிடப்பட்டுள்ள கறுப்புக் கோடுகளுமே அப்பொருள். நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். ரயில்வேயில் எழுத்தர் பணி புரிவோம். எனினும் எண் எழுதுதலும், சீட்டு ஒட்டுதலும், பொதி மாறாமல் உரிய இடம் சேர்த்தலும் நமக்குப் பழகிய தொழில். ஆதலின் இதனைப் பற்றிச் சில சொல்ல நமக்கும் சிறிது உரிமை உண்டு என்று கருதுகின்றோம்.

நாம் வாழும் பொம்மசந்திரா ஒரு காலத்தில் ஓசூர்ச் சாலையோரத்துச் சிற்றூர். இன்று தொழிற்பேட்டை. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் பகுதிகளினின்றும் பிழைப்பு நாடி வந்தோர் பலர் இங்கே குடியேறியுள்ளனர். 2025 ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோ ரயிலும் நம் ஊர் வரை ஓடுகின்றது. ஆயினும் பொம்மசந்திராவின் பெயரைத் தொலைதூரத்து மக்களும் அறியச் செய்தது தொழிற்சாலை அன்று, மருத்துவமனையே. 2000-ஆம் ஆண்டில் டாக்டர் தேவி ஷெட்டி அவர்கள் இங்கே நாராயண இருதயாலயத்தை நிறுவினார். தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணைக்கோள் வழியாக, சாமராசநகர் மாவட்ட மருத்துவமனையில் படுத்திருந்த இருதய நோயாளியின் நிலையை இங்கிருந்த மருத்துவர் பார்த்து ஆலோசனை கூறும் ஏற்பாடு நடைபெற்றது. அந்நிறுவனத்தில் அன்றன்றைய வரவு செலவுக் கணக்கு மருத்துவர்களின் கைப்பேசிக்கே சென்று சேரும் வழக்கமும் பலரால் எடுத்துப் பேசப்பட்டது. பின்னர் 'ஆத்மா' என்னும் பெயரில் தன் சொந்தப் பொறியாளர்களைக் கொண்டே மருத்துவமனைக்குரிய கணினி முறைமையையும் அக்குழுமம் உருவாக்கிக்கொண்டது. கணினியும் மருத்துவமும் கைகோத்து வளர்ந்த ஓர் இடத்தின் வாயிலில் நாம் குடியிருக்கின்றோம். ஆகவே அக்கணினி நம்மை எவ்வாறு அறிந்துகொள்கின்றது என்பதை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில், நோயாளியை அடையாளம் காண்பது அத்துணைக் கடினமான செயலா என்னும் ஐயம் எழலாம். கடினமே. அதிலும் நம்மவர் திறத்தில் பெருங்கடினம். வடவர்க்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு அஃதில்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. படிவம் நிரப்புவோர் அதனை ஒரு முறை முன்னே இடுவர். ஒரு முறை பின்னே இடுவர். மற்றொரு முறை விரித்துத் தந்தையின் பெயரையே நோயாளியின் பெயராக எழுதிவிடுவர். தனலட்சுமி என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒருவர் 'டி' என்னும் எழுத்தில் தொடங்குவார். வேறொருவர் 'த'கரத்துக்கு வேறெழுத்துக் கொள்வார். கணினிக்கு இவர்கள் இருவேறு பெண்மணிகள். ஒருவருக்கே மூன்று மருத்துவமனை எண்கள் இருப்பதும், ஒரு வீட்டில் ஐவர் ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஐவர் வரலாறும் ஒன்றோடொன்று கலந்துபோவதும் இதனால் நேர்வனவே.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கின்றது. செவிலியர் மலையாளம் பேசுவார். மருத்துவர் கன்னடமோ இந்தியோ பேசுவார். ஊரிலிருந்து சிகிச்சைக்காக வந்த நம் பாட்டிமார்க்குத் தமிழன்றி வேறறியார். வாயிலில் நின்று எப்பெயரை அழைத்தாலும், தம்மைத்தான் அழைக்கின்றனர் என்று எண்ணி, "ஆமாம்" என்பர். நம் குடியிருப்பைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். அதே அறையில் அவர் பெயரையே கொண்ட மற்றொருவரும் இருந்தார். மருந்து கொண்டுவந்த பெண் பெயரை மட்டும் கேட்டார். நம் மூதாட்டி வழக்கம்போல் தலையசைத்தார். அருகிலிருந்த மகள் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது எங்கள் அம்மாவுடையது அன்று, தகப்பனார் பெயர் வேறு, வயதும் வேறு" என்று தடுத்தமையால் தீங்கு நேராது போயிற்று. மகள் அவ்வேளை தேநீர் அருந்தச் சென்றிருந்தால்? இவ்வினாவுக்கு விடையாக வந்ததே பட்டைக்குறி.

ஈரோடு செல்ல வேண்டிய பொதி தவறி மங்களூர் சென்றால், மறு வண்டியில் அதனைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். உடம்பில் ஏறிய மருந்தை அவ்வாறு திருப்பி அழைத்தல் இயலாது. ரயில்வே எழுத்தனின் பிழைக்கும் மருந்து கொடுப்போரின் பிழைக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே.

இனி, இக்கோடுகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். அமெரிக்க நாட்டில் ஜோசப் உட்லண்ட், பெர்னார்டு சில்வர் என்னும் இருவர் 1949-இல் விண்ணப்பித்து 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். உட்லண்ட் கடற்கரை மணலில் அமர்ந்து, தாம் அறிந்த மோர்ஸ் தந்திக் குறிகளான புள்ளியையும் கோட்டையும் எண்ணியவாறு விரல்களை மணலில் இழுத்தார். அப்புள்ளிகளும் கோடுகளும் கீழ்நோக்கி நீண்டு, மெல்லியனவும் தடித்தனவுமாகிய பட்டைகளாயின என்பர். நம் நிலையங்களில் நெடுங்காலம் 'கட்டுக் கடகட்டு' என்று ஒலித்த அதே தந்தி மொழிதான் இன்று கோடாக நிற்கின்றது. 1974 சூன் 26-ஆம் நாள் ஒகையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், மெல்லும் பசைப் பொட்டலம் ஒன்றின்மீது முதன்முதலாக வணிகப் பட்டைக்குறி படிக்கப்பெற்றது. கறுப்புப் பட்டை ஒளியை விழுங்கும். வெண்மை ஒளியைத் திருப்பும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கருவி எண்ணாக மாற்றிக்கொள்ளும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. 1994-இல் சப்பான் நாட்டு டென்சோ நிறுவனத்தார் கட்டம் கட்டமாக அமைந்த கியூ.ஆர். குறியைக் கண்டனர். அதில் ஒரு பகுதி அழிந்தாலும் செய்தி அழியாது. சிறிய இடத்தில் மிகுந்த செய்தி அடங்கும். வளைந்த மணிக்கட்டுக்கும் பச்சிளங் குழவியின் கைக்கும் இத்தகைய சதுரக் குறியே ஏற்றது.

கோட்டிலுள்ள எண்ணைக் கருவி தவறாகப் படித்துவிடாதா எனச் சிலர் வினவுவர். ரயில்வே அன்பர்கட்கு இதன் விடை தெரியும். நம் சரக்குப் பெட்டி ஒவ்வொன்றிலும் 11 இலக்க எண் எழுதப்பட்டுள்ளது. முதல் 2 இலக்கம் பெட்டியின் வகை. அடுத்த 2 உரிமையுடைய ரயில்வே. அடுத்த 2 செய்யப்பட்ட ஆண்டு. அடுத்த 4 பெட்டியின் தனி எண். இறுதியில் நிற்பது சோதனை எண். முதல் 10 இலக்கங்களுள் இரட்டைப்படை இடங்களில் நிற்பனவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றைப்படை இடங்களில் நிற்பனவற்றையும் அதனோடு கூட்ட வேண்டும். வரும் தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்டுவதற்கு எத்துணை குறைவோ, அத்துணையே சோதனை எண். தொகை 73 எனில் சோதனை எண் 7. எழுத்தன் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கணக்கு ஒவ்வாது, பிழை வெளிப்படும். கடையில் நாம் வாங்கும் சோப்பின் உறையிலுள்ள 13 இலக்க எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் பதிவு பெற்றவை 890 எனத் தொடங்கும். அதன் இறுதி இலக்கமும் இதே கணக்கால் அமைந்ததே! சரக்குப் பெட்டிக்கும் சோப்புக்கும் காவல் செய்யும் முறையே, சற்று வேறுபட்ட வடிவில், மருத்துவமனைக் குறிகளிலும் காவல் செய்கின்றது.

மருத்துவமனைக்குள் இது புகுந்த கதை சுவையானது. 1992-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையொன்றில் பணிபுரிந்த சூ கின்னிக் என்னும் செவிலியர், வாடகைக்கு எடுத்த சிற்றுந்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். அங்கிருந்த பணியாளர் கையடக்கக் கருவியால் குறியைப் படித்து நொடியில் கணக்கை முடித்ததைக் கண்டார். சிற்றுந்துக்கு இது செய்யக்கூடுமெனில் நோயாளிக்கும் மருந்துக்கும் ஏன் செய்யலாகாது என்று எண்ணினார். அவ்வெண்ணத்தைக் கன்சாசு மாநிலத்து டொபீகா மருத்துவமனை செயலாக்கிப் பார்த்தது. சில ஆண்டுகளில் நாடெங்கணும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்கு அது பரவியது. பேரறிஞர் குழுவொன்று கூடிக் கண்டதன்று இது. கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரு செவிலியர் கண்டது.

முறை இதுதான். மருந்து கொடுக்குமுன் செவிலியர் நோயாளியின் கைப்பட்டையைக் கருவியால் படிப்பார்; பின்னர் மருந்துறையின் குறியைப் படிப்பார். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை என்னும் ஐந்தையும் மருத்துவரின் ஆணையோடு கணினி ஒப்பிடும். ஒன்று மாறினும் எச்சரிக்கும். பாஸ்டன் நகரத்துப் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் 14,041 முறை மருந்து கொடுத்ததை ஆய்வாளர் உடனிருந்து நோக்கி, 2010-இல் முடிவை வெளியிட்டனர். கொடுக்கும் வேளை சாராத ஏனைய பிழைகள், இம்முறை இல்லாத இடத்தில் 100-க்கு 11.5 ஆகவும், உள்ள இடத்தில் 6.8 ஆகவும் இருந்தன. மருத்துவர் எழுதியதைப் படியெடுப்பதில் நேரும் பிழைகள் முன்னதில் 100-க்கு 6.1, பின்னதில் ஒன்றும் இல்லை. 6.8 என்பதையும் மறத்தல் ஆகாது. கருவி பிழையைக் குறைத்தது, ஒழித்துவிடவில்லை.

குருதி கொடுப்பதிலும் இவ்வாறே. குருதிப் பைகளுக்கென ஐ.எஸ்.பி.டி. 128 என்னும் அனைத்துலகக் குறியீட்டு முறை உண்டு. சோதனைக்குக் குருதி எடுக்கும் குழாயிலும் பட்டைக்குறி ஒட்டுகின்றனர். அச்சீட்டு நோயாளியின் கட்டிலருகே, அவர் கைப்பட்டையைப் பார்த்து ஒட்டப்பட வேண்டும். பத்துக் குழாய்களைச் சேர்த்து எடுத்துச் சென்று மேசையில் வைத்து ஒட்டினால், குறி இருந்தும் பயனில்லை. பொதியை ஏற்றிய பின்னர்ச் சீட்டு எழுதும் எழுத்தனை ஒக்கும் அச்செயல்.

நம் நாட்டின் நிலையையும் கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பெற்று, அரசு மருத்துவமனைகட்கு வேண்டிய மருந்துகளை ஒரே இடத்தில் வாங்கிக் கிடங்குகளின் வழியே வழங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். கிடங்கு இருப்பைக் கணினி காட்டும். பிற மாநிலத்தார் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. 2021 செப்டம்பர் 27-ஆம் நாள் நடுவணரசு ஆயுஷ்மான் பாரத் இலக்கமுறைத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது. அதன்வழி விரும்புவோர் 14 இலக்க 'ஆபா' எண் பெறலாம். 2022 முதல், புறநோயாளர் பகுதியில் ஒட்டியுள்ள குறியைக் கைப்பேசியால் படித்து வரிசைச் சீட்டுப் பெறும் வசதியும் பல மருத்துவமனைகளில் வந்துள்ளது. 2023 ஆகஸ்டு முதல் நாள் தொட்டு, மிகுதியாக விற்கும் 300 மருந்துகளின் உறைமீது பட்டைக்குறியோ கியூ.ஆர். குறியோ இருத்தல் வேண்டும் என்பது சட்டம். மருந்தின் பெயர், செய்த நிறுவனம், தொகுதி எண், செய்த நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியன அதனுள் அடங்கும். போலி மருந்தைக் கண்டறிய இது துணை செய்யும். ரயில்வே குடும்பத்தினர்க்கும் பழைய மருத்துவப் புத்தகத்திற்கு மாற்றாக 'உமீத்' என்னும் தனி மருத்துவ அடையாள அட்டை வந்துள்ளதை அன்பர்கள் அறிவர்.

இத்துணையும் கேட்டபின், இனி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடலாகாது. மீண்டும் ரயில்வேயின் கதையொன்றைச் சொல்வோம். கடைகளில் பட்டைக்குறி வருமுன்னரே அமெரிக்க ரயில்வேக்கள் அதனைக் கைக்கொண்டன. 1967-இல், சரக்குப் பெட்டிகளின் பக்கத்தில் வண்ணக் கோடுகளை ஒட்டி, ஓடும் வண்டியின் பெட்டிகளைத் தண்டவாளத்து ஓரத்துக் கருவியே படித்துக்கொள்ளும் 'கார்டிராக்' என்னும் முறையை ஏற்றனர். கோடும் நன்று, கருவியும் நன்று. ஆயினும் கோட்டின்மேல் கரியும் சேறும் படிந்தன, துடைப்பாரில்லை. படிக்க இயலாத பெட்டிகள் பெருகின. பத்தாண்டு கழிந்த அளவில் அம்முறையே கைவிடப்பட்டது. கோட்டை ஒட்டியவர்கள் அதனைத் துடைக்க ஓர் ஆளை ஒதுக்கவில்லை.

மருத்துவமனையிலும் இதே கதை உண்டு. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் ஐந்து மருத்துவமனைகளைப் பார்த்து, செவிலியர் இம்முறையைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழிகள் 15 வகை என்றும், அதற்குக் காரணங்கள் 31 என்றும் பட்டியலிட்டனர். கைப்பட்டை நனைந்து கிழிந்திருக்கும், கருவியின் மின்கலம் தீர்ந்திருக்கும், மருந்துறை கசங்கியிருக்கும், நோயாளி உறங்குவார். உடனே என் செய்வர்? கைப்பட்டையின் படியொன்றை அச்சிட்டு வேறோர் இடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு அதனையே படிப்பர். கருவி, "சரி" என்னும். நோயாளியை எவரும் பார்த்திலர்! இதற்காகச் செவிலியரைப் பழித்தல் நன்றன்று. ஓர் இரவில் பலரைக் கவனிக்க வேண்டிய பெண்ணுக்குக் கெட்ட கருவியைக் கொடுத்தால் வேறென் செய்வார்? குறை முறையினுடையது.

கணினியே படுத்துவிடுவதும் உண்டு. 2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தின் கணினிகளைத் தீயோர் இணைய வழியே தாக்கினர். ஏறத்தாழ இரண்டு வாரம் பதிவும் சோதனை முடிவும் பேனாவாலும் தாளாலும் நடந்தன. கையால் எழுதத் தெரிந்தவர் இருந்தமையால் மருத்துவமனை நின்றுவிடவில்லை. ஆகவே தாளை அடியோடு எறிந்துவிடலாகாது என்பது நமது கருத்து. மேலும் நம் நோயின் வரலாறு பிறர் கையில் சிக்குமோ என்னும் அச்சமும் நியாயமானதே. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்டவர்க்கெல்லாம் கூறிவிட்டால், எந்தச் சட்டமும் நம்மைக் காவாது.

அங்ஙனமாயின் நாம் செய்யத் தக்கன யாவை?

முதலாவது, பெயர். ஆதாரில் உள்ளவாறே, தலைப்பெழுத்து நிற்கும் இடம் உட்பட, குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்து, எந்த மருத்துவமனையிலும் அதனையே காட்டுங்கள். பிறந்த நாள் தெரியாத முதியோர்க்கு ஆதாரில் உள்ள நாளையே எங்கும் சொல்லுங்கள். இடத்துக்கொரு வயது கூறாதீர். முன்பே மருத்துவமனை எண் இருப்பின், புதிய எண் வாங்காதீர்.

இரண்டாவது, கைப்பட்டை. அதிலுள்ள பெயரைக் கட்டும்போதே படித்துப் பாருங்கள். எண்ணெய் தேய்க்கவோ, வளையல் போடவோ அதனைக் கழற்றாதீர். கிழிந்தால் உடனே மாற்றித் தரக் கேளுங்கள். கட்டில் மாறினால் உடன் இருப்போர் செவிலியர்க்கு நினைவூட்டுங்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் கூறிய பாதுகாப்பு வழிகளுள், நோயாளியை இரண்டு அடையாளங்களால் அறிதல் ஒன்று. கட்டில் எண்ணும் அறை எண்ணும் அவ்வடையாளம் ஆகா என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, "ஆமாம்" என்னும் சொல். பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே?" என்று கேட்டால், "ஆமாம்" என்று மட்டும் விடை கூறாதீர். "என் பெயர் இது, பிறந்த நாள் இது" என்று நீங்களே சொல்லுங்கள். நம் பாட்டிமார்க்கும் தாத்தாமார்க்கும் இந்த ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் கற்பித்தல் பேரப்பிள்ளைகளின் கடமை. பள்ளியில் கன்னடம் பயிலும் பிள்ளைகள் நம் வீடுதோறும் உள்ளனர் அன்றோ?

நான்காவது, கேள்வி. கருவி கொண்டு படியாமல் மருந்து தர வந்தால், "அம்மா, பட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். அது குற்றம் கூறுதல் அன்று, அவர்க்கும் காவலே. எழுத்தனிடம் பொதியின் சீட்டைச் சரிபார்க்கச் சொல்லும் பயணியை நாம் வெறுப்பதில்லை.

ஐந்தாவதாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மன்றத்தில் இளைஞர் சிலர் அமர்ந்து, வருகின்ற குடும்பங்களுக்கு ஒரு நலக் குறிப்பேடு எழுதித் தருதல் வேண்டும். ஒவ்வொருவர் பெயர், பிறந்த நாள், குருதி வகை, மருத்துவமனை எண், விரும்பிப் பெற்றிருப்பின் ஆபா எண், உண்ணும் மருந்தின் வணிகப் பெயரும் மூலப் பெயரும், ஒவ்வாத மருந்து ஆகியன அதில் இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுக. கன்னடத்திலும் எழுதுவார் கிடைப்பின் மிக நன்று. உறவினர் கூட்டம் பெரிதாக இருந்த ஊரைவிட்டு வந்தோம். ஊரில் மருத்துவர் வீட்டையும் நம் பாட்டனார் பெயரையும் ஒருவரையொருவர் அறிவர். ஈண்டு அறிவார் இல்லை. ஓர் எண்ணாகவே நாம் வாயிலில் நுழைகின்றோம். அவ்வெண் பிழையின்றி இருப்பதற்கு ஆவன செய்துகொள்ளுதல் நம் கையில் உள்ளது. வரும் செவ்வாய் மாலை செயற்குழு கூடுங்கால் இவ்விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். எழுதும் பணிக்கு நாமும் வருவோம். எழுத்தர்க்குப் பேனா பாரமன்று.